பட்டி அடைத்த தோட்டம்

மருதனார்மடம்
09.09.1990

அண்ணை,

கண்டியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் இங்கே வந்து சேர ஒரு மாதமும் ஐந்து நாளும் எடுத்திருக்கிறது. அதில் "உடனே புறப்பட்டு வா" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சுகம் பிறகு விசாரிக்கிறேன்.

யூரியா இல்லாமல் எங்கள் எட்டுப் பரப்புத் தோட்டமும் ஒரே போகத்தில் செத்துப்போகும், தனி மனுசி என்ன செய்வாய் என்று கேட்கிறீர்கள். யூரியா இல்லைத்தான். ஆனி மாதம் சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு மூடைகூட இந்தப் பக்கம் வரவில்லை. மண்ணெண்ணெயும் இல்லை. நீர் இறைக்கும் மெசினின் மேல் இப்போது கோழி அடை கிடக்கிறது. பரணில் போட்ட பழைய துலாவைத் திரும்ப இறக்கிக் கிணற்றில் கட்டியிருக்கிறேன்.

ஆனால் அண்ணை, எருவை விட்டு யூரியாவுக்கு எங்களை மாற்றியது யார்? 1984இல் இந்த மடத்தடியில் நடந்த கமக்காரர் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் விவசாயப் போதனாசிரியர், மேடையில் நின்றீர்கள். என்னுடைய மனுசன் நமசிவாயம் கீழே முன்வரிசை வாங்கில் இருந்தார். "உலகம் எங்கையோ போகுது, என்ரை மச்சான் இன்னும் சாணி அளைஞ்சுகொண்டிருக்கிறார்" என்று சொன்னீர்கள். இருநூறு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதமே அவர் ஆறு மாட்டையும் விற்றார், எருக்குழியை மூடினார், ஊரோடு சேர்ந்து யூரியா போட்டார். நாலு வருசத்தில் மார்படைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. வெட்கம்தான் அவரைத் தின்றது என்று நான் நினைக்கிறேன். இதை உங்களுக்கு முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, கடிதத்தில் வருகிறது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். மயிலிட்டி, பலாலிப் பக்கத்துச் சனம் முழுக்க எழும்பி இங்கே வந்து பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. சனத்துக்கு வகுப்பறை கொடுத்தார்கள். கூடவே ஓடிவந்த ஆடு மாட்டுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? மயிலிட்டியில் மீன்பிடிச்ச குடும்பம் ஒன்று, பெர்னடெட்டும் அவளின் மனுசன் சிமியோனும், ஏழு ஆட்டைப் பிடித்துக்கொண்டு என் படலையில் வந்து நின்றார்கள். "அக்கா, இதுகளை இண்டைக்கு ஒரு நாள் உங்கடை தறையிலை கட்டட்டே?" என்றாள். தோட்டம் வெறும் தறையாகத்தான் கிடந்தது. ஓம் என்றேன். மறுநாள் பலாலிக்காரரும் மாடுகளோடு வந்தார்கள். இப்போது முப்பத்தொரு ஆடும் பதினாறு மாடும். வேலியோரத்துக் கிளுவைத் தடியை வெட்டிப் பட்டி அடைத்திருக்கிறோம். பகலில் மேயப் போய்விடும், பொழுதுபட வந்து படுக்கும். மூன்று நாளுக்கொருக்கால் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றுகிறோம்.

இன்று விடியப் போய்ப் பார்த்தேன். அத்தனை சீவனும் படுத்திருக்க, அதுகளின் மூச்சும் மண்ணின் சூடும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்குப் புகையாக நின்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட மாடு வந்து என் நிலத்துக்குப் பசளை போடுகிறது. இதை என்னவென்று சொல்ல?

எனக்கு ஒரு போகம் தாருங்கள். தையில் கத்தரியும் மிளகாயும் நடுவேன். சித்திரைக்குள் இந்தத் தோட்டம் என்னைத் தாங்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கண்டிக்கு வருகிறேன். பூரணம் சொன்னால் சொன்னதுதான்.

அண்ணி சுகமா?

பூரணம்


கண்டி
12.11.1990

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கோபத்துக்குப் பதில் எழுதப் போவதில்லை. தொழில் சம்பந்தமான விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, ஓர் அந்தர், அதாவது ஐம்பது கிலோ யூரியாவில் இருக்கும் நைதரசன் அளவுக்கு ஏறத்தாழ நாலரைத் தொன் மாட்டெரு வேண்டும். உன் பதினாறு மாட்டையும் முப்பத்தொரு ஆட்டையும் வைத்து நீயே கணக்குப் பார்.

இரண்டாவது, மக்காத எருவுக்குக் கறையான் வரும், வண்டுப்புழு வரும். ஆட்டுப்புழுக்கையைப் பச்சையாக வேரடியில் போட்டால் கன்று கருகும். ஆறு மாதமாவது குழியில் கிடக்க வேண்டும்.

மூன்றாவது, வலிகாமத்துச் செம்மண் தண்ணீரை நிறுத்தாது. மூன்று நாளுக்கொருக்கால் இறைக்க வேண்டும். துலாவுக்கு மேலே ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்கால் மாற ஒருவர். உனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ ஒரு போகம் கேட்டாய், சரி. சித்திரைக்குப் பிறகு ஒரு சாட்டும் சொல்லாதே. இங்கே உனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறோம். குளிருக்குப் போர்வையும் வாங்கியாயிற்று.

மச்சானைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

அண்ணை
இராசநாயகம்


மருதனார்மடம்
16.04.1991

அண்ணை,

நீங்கள் வென்றுவிட்டீர்கள். போர்வையை வெயிலில் போட்டு வையுங்கள்.

மாரி நன்றாகப் பெய்தது. தையில் நட்டேன். மாசி முழுக்கக் கன்று நின்ற நிலையைப் பார்த்திருந்தால் உங்கள் நாலரைத் தொன் கணக்கை நீங்களே கிழித்திருப்பீர்கள். பக்கத்துத் தோட்டங்கள் காமாலை பிடித்தமாதிரி மஞ்சளாக நின்றன, எங்கள் கத்தரி இலை உள்ளங்கையளவு. சிமியோன்தான் துலா மிதித்தான். பாய்மரம் ஏறின கால், ஒன்றையும் பிடிக்காமல் அந்தத் துலாவில் போய் வருவான். பெர்னடெட் வாய்க்கால் மாறினாள். என் பனை ஓலைக் கொட்டிலில்தான் குடும்பமாக இருந்தார்கள்.

பங்குனியில் நான் மூன்று நாள் காய்ச்சலாகப் படுத்துவிட்டேன். அந்த இடைவெளியில் அவள் எனக்கு ஒரு நன்மை செய்ய நினைத்தாள். மயிலிட்டியில் அவர்கள் வீட்டு முருங்கைக்கும் தென்னைக்கும் கருவாட்டுப் பீப்பாவின் அடித்தண்ணீரும் மீன்குடலும்தானாம் எரு. முருங்கை காய்த்து முறியுமாம். சிமியோனைக் குருநகருக்கு அனுப்பி, சைக்கிளில் நாலு நடையாக அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் செய்து, என் மூன்று பரப்புக் கத்தரிக்கும் அடியடியாக ஊற்றியிருக்கிறாள்.

உப்பு, அண்ணை. உப்புத் தண்ணீர். அங்கே மணல், மழையோடு கீழே போய்விடும். இங்கே பங்குனி வெயில். நான் எழும்பிப் போய்ப் பார்த்தபோது காயும் பூவுமாக நின்ற மூன்று பரப்பும் அவித்துப் போட்டமாதிரி தொங்கியது. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது. "உப்புக்குள்ளை பிறந்த சனத்துக்கு மண்ணைப் பற்றி என்னடி தெரியும்" என்றேன். இன்னும் சொன்னேன். பின்னேரம் அவளும் சிமியோனும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அரியாலையில் இருக்கும் உறவினரிடம் போய்விட்டார்கள். அதைப் பார்த்து மாட்டுக்காரரும் ஒவ்வொருவராக அவிழ்த்துக்கொண்டு போனார்கள். துலா மிதிக்க ஆளில்லாமல் மிளகாயும் வாடிப் போயிற்று.

சொன்ன சொல் தவற மாட்டேன். ஆனிக் கடைசியில் பாதை பார்த்துப் புறப்படுகிறேன்.

பூரணம்


கண்டி
30.05.1991

தங்கச்சி பூரணம்,

வராதே.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நான் சொன்னதுதான் நடந்தது என்று அண்ணிக்கு வாசித்தும் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "மாசியிலை உள்ளங்கையளவு இலை நிண்டதே, அது எப்படி?" என்று கேட்டாள். அதற்கான பதிலைத்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

1984இல் அந்தக் கூட்டத்துக்கு முன்னம், நான் மச்சானுடைய தோட்டத்திலிருந்தும் எங்கள் அலுவலக மாதிரித் தோட்டத்திலிருந்தும் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். எரு போட்டவரின் மண் எவ்வளவு மோசமானது என்று மேடையில் காட்டத்தான் எடுத்தேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னம் முடிவு வந்தது. மச்சானுடைய மண்ணில் சேதனப்பொருள், அதுதான் மக்கிய எருவின் பங்கு, நூற்றுக்கு மூன்று. எங்களுடையதில் ஒன்றுகூட இல்லை. ஈரப்பிடிப்பும் அவருடைய மண்ணில் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நான் அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்துவிட்டு மேடையில் ஏறினேன். அந்த வருசம் இத்தனை கமக்காரரை மாற்றினேன் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குப் பதவி உயர்வு வர இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. மச்சானைச் சாணி அளைகிறவர் என்று சொன்ன வாய்க்கு, அவருடைய மண் எப்படிப்பட்டது என்று தெரியும். தெரிந்துதான் சொன்னது. தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கப் பலமுறை எடுத்திருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். நீ என்னை வெறுத்தாலும் இதைச் செய். உப்பு ஏறிய மூன்று பரப்பிலும் இப்போது ஒன்றும் நடாதே. துலாத் தண்ணீரால் கழுவ நினைக்காதே, முடியாது. கொத்தி இளக்கிவிட்டு, ஆடியிலிருந்து ஐப்பசி வரை அதன் மேல் பட்டி அடை. மற்றத் துண்டுகளை விட இரண்டு மடங்கு நாள் கிடக்கட்டும். எரு மண்ணைத் திறக்கும், மாரி உப்பைக் கீழே கொண்டுபோகும். மீன்குடலில் இருந்த சத்து மிச்சம் நிற்கும் என்று நினைக்கிறேன். நிச்சயம் சொல்ல மாட்டேன். மண்ணைப் பற்றி நிச்சயமாகக் கதைக்கிற தகுதி எனக்கு இல்லை.

பட்டிக்கு ஆடு மாடு வேண்டும். அரியாலைக்குப் போ. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேள்.

இராசநாயகம்


மருதனார்மடம்
08.03.1992

அண்ணை,

ஒன்பது மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்த அன்று அடுப்புக்குள் போடப் போனேன். ஆடியிலிருந்து செய்ய வேண்டியவை அதில் இருந்ததால்தான் போடவில்லை. அதைச் சொல்லி விடுகிறேன், நீங்கள் மனம் குளிர்ந்துவிடக் கூடாது.

அரியாலைக்குச் சைக்கிளில் போனேன். பெர்னடெட் கடற்கரையோரத்தில் ஒரு சின்னக் கொட்டிலில் இருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள், வா என்று சொல்லவில்லை. நான் வழியெல்லாம் பாடமாக்கிப் போனது மன்னிப்பு, வாயில் வந்தது வேறு. "தண்ணி விடாய்க்குது, கொஞ்சம் தா" என்றேன். செம்பில் கொண்டுவந்து தந்தாள். குடிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, எட்டு மாதம் என் வளவில் இருந்தவளின் கையால் நான் ஒரு நாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவளுக்கும் அது தெரியும். செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நான் உங்கடை தோட்டத்தை அழிச்சுப்போட்டன் அக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன். "நான் கதைச்ச கதைக்கு உன்ரை உப்புப் பரவாயில்லையடி" என்றேன். பிறகு சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆடியில் ஆடுகள் வந்தன, பின்னால் மாடுகளும் வந்தன. நீங்கள் எழுதியபடி அந்த மூன்று பரப்பின் மேல் அடைத்தோம். ஐப்பசியில் மழை கொட்டியது.

இனி எழுதப் போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. தையில் கொத்தினோம். செம்மண் கறுத்திருந்தது. முதல் மண்வெட்டியிலேயே நாக்கிளிப்புழு. இந்தத் தறையில் மண்புழுவைக் கண்டு எத்தனை வருசம்! ஒரு கொத்துக்கு ஆறு, ஏழு, சிலதில் பத்து. சாணவண்டு துளைத்த துவாரங்கள் முழம் ஆழத்துக்குப் போகின்றன. மண்வெட்டிக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசையாக வருகின்றன. பெர்னடெட் குந்தி இருந்து வெகு நேரம் பார்த்தாள். "அக்கா, இது கடல் மாதிரியெல்லோ. மேலை நிண்டு பாத்தால் ஒண்டும் இல்லை, கீழை முழுக்க உயிர்" என்றாள்.

கத்தரி நட்டோம். மூன்றாம் நாள் இறைக்கப் போனேன், மண் ஈரம். நாலாம் நாளும் ஈரம். ஐந்தாம் நாள் வெயிலில் விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டாம் கணுவரை குளிர்ந்தது. அண்ணை, மழையில்லை, பனியும் குறைவு, ஐந்து நாளாக இந்த மண் அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது! ஆறாம் நாள்தான் இறைத்தோம். பாதி இறைப்பு மிச்சம். எண்ணெய் இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் செத்துப்போன மூன்று பரப்பில்தான் காய் கூட. கன்றுக்குத் தடி நாட்டி முண்டு கொடுத்திருக்கிறோம், பாரம் தாங்காமல் சரிகிறது. நான் காலையில் போய்ச் சும்மா நிற்கிறேன். கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஊர்ச்சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. மகாதேவி டீச்சர் தன் காணியிலும் பட்டி அடைக்க வேணும் என்று வரிசையில் நிற்கிறா.

இப்போது தாளைப் பற்றி. நீங்கள் ஓய்வுபெற்று விட்டீர்கள் என்று அண்ணி எழுதினா. அந்தத் தாளைக் கொண்டு இங்கே வாருங்கள். மடத்தடியில் அதே இடத்தில் கமக்காரரைக் கூட்டுகிறேன். அவர்களுக்கு முன்னால் நின்று வாசியுங்கள். வாசிக்கும்வரை நான் கண்டிக்கும் வர மாட்டேன், நீங்கள் என் வீட்டுப் படியும் ஏறக் கூடாது.

பூரணம்


கண்டி
25.04.1992

பூரணம்,

ஓம். வாறன்.

தரைப்பாதை பூட்டியிருப்பதால் கிளாலிப் படகு ஓடுகிற நாளாகப் பார்த்துப் புறப்படுவேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதையும், ஐம்பத்தொன்பது வயது என்பதையும் அண்ணி நாளுக்குப் பத்துத் தரம் ஞாபகப்படுத்துகிறாள். தாளை எண்ணெய்க் கடதாசியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துத் தைத்தும் தந்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. படகுக்கு அல்ல.

இராசநாயகம்


மருதனார்மடம்
19.08.1992

அண்ணை,

நீங்கள் பத்திரமாகக் கண்டி போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது.

நீங்கள் இங்கே நின்ற ஒன்பது நாளைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. மடத்தடியில் தாளை வாசித்து முடியும்வரை ஒருவரும் சிரிக்காததை நீங்களே கண்டீர்கள். அண்டைக்குப் பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக்குள் இறங்கி, மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மணந்துகொண்டு நின்றதை நானும் பெர்னடெட்டும் கிணற்றடியிலிருந்து பார்த்தோம். "மச்சான்" என்று நீங்கள் சொன்னது எங்களுக்குக் கேட்டது. கேட்காதமாதிரி இருந்துவிட்டோம்.

போகும்போது படலையில் நின்று ஒன்று கேட்டீர்கள். "அவருக்கு ஒரு நாளாவது தெரிஞ்சிருக்குமே, தன்ரை மண்தான் சரியெண்டு?" எனக்குத் தெரியாது என்றேன். அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் போய் ஒரு கிழமையால் ஏரம்பு அண்ணை வந்தார். உங்கள் அலுவலகத்தில் வேலை செய்தாரே, அந்த மண்ணைக் கிண்டி உங்களுக்குப் பின்னால் சைக்கிளில் கொண்டுவந்தவர். இப்போது நீங்கள் தாள் வாசித்த கூட்டத்தில் பின்வரிசை வாங்கில் இருந்திருக்கிறார். கையில் பொல்லு, கண் சரியாகத் தெரியாது. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு சொன்னார்.

"அந்தத் தாள் வந்த அண்டைக்கே நான் நமசிவாயத்திட்டைக் கொண்டு வந்து காட்டினனான் பிள்ளை. வாசிச்சார். திரும்பவும் வாசிச்சார். பிறகு மடிச்சு என்ரை கையிலை தந்து, 'கொண்டுபோய் இருந்த இடத்திலை வை, மச்சான் இப்பதான் உத்தியோகத்திலை ஏறி வாறார்' எண்டார். கூட்டத்திலை ஐயா அப்படிச் சொல்லேக்கை நான் பக்கத்திலைதான் இருந்தனான். எழும்பிச் சொல்லுங்கோ எண்டு இடிச்சன். 'பொறு ஏரம்பு, மண் எங்கை போகப்போகுது' எண்டார்."

மாட்டை ஏன் விற்றார் என்று கேட்டேன். அதையும் ஏரம்பு அண்ணை கேட்டிருக்கிறார். "சொந்த வீட்டுக்காரனே மச்சான்ரை சொல்லைக் கேக்கேல்லை எண்டால் ஊர் அவரை மதிக்குமே?" என்றாராம்.

வெட்கம் தின்று செத்த மனுசன் என்று நான் இத்தனை வருசமும் அவருக்காக அழுதேன். உங்களை வெறுத்தேன். அந்த மனுசனோ எல்லாம் தெரிந்துகொண்டு, இருநூறு பேர் சிரிக்க வாங்கில் பேசாமல் இருந்திருக்கிறார். பிறகு நாலு வருசம் தன் கையாலேயே யூரியா எறிந்திருக்கிறார், உங்களுக்காக. என் பக்கத்தில் படுத்தவர், எனக்கும் சொல்லவில்லை. இருபத்தாறு வருசம் நான் யாரோடு வாழ்ந்தேன், அண்ணை? நேற்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பட்டிக்குள் போய் மாடுகளுக்கு நடுவில் இருந்தேன்.

இதை உங்களுக்குச் சொல்வதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் வைத்திருக்க நான் நமசிவாயம் இல்லை.

வாசித்துவிட்டு நன்றாக அழுங்கள். பிறகு அண்ணியையும் கூட்டிக்கொண்டு புரட்டாதிக்குள் வந்து சேருங்கள். வடக்குத் துண்டில் இன்னும் பட்டி அடைக்கவில்லை, மாரிக்கு முன்னம் செய்ய எங்களுக்கு ஆள் காணாது.

பூரணம்